துவைக்காத துண்டு

இன்று காலை நெருப்பெரிச்சலில் இருக்கும் நம் பனியன் கம்பெனியில் சோதனைக்குத் துவைத்த துணியின் ஈர வாசம் செக்கிங் டேபிள் வரைக்கும் வந்தது. நீ பார்த்த வேலையை இப்போது நான்தான் பார்க்கிறேன். ஒரே துணியில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைத் துவைத்து, மற்றதை அப்படியே வைத்திருந்து, இரண்டையும் பக்கத்தில் போட்டுப் பார்த்தால்தான் எவ்வளவு சுருங்கியது என்று தெரியும். "ஒரு துண்ட மட்டும் பாத்து என்னத்தைங்க சொல்றது?" என்று கட்டிக்கொண்ட நாளிலிருந்து என்னை எத்தனை தடவை விரட்டியிருக்கிறாய்!

நேற்று கல்யாண மண்டபத்தில், பந்தி என்றுகூடப் பார்க்காமல் உன் அண்ணன் கேட்டுவிட்டார். "மெஷின் வெச்சிருந்தா எந்தங்கச்சி பொழைச்சிருப்பா மாப்பிள்ளை. நீங்கதான வேண்டாம்னுட்டீங்க?"

அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை. ஏற்கெனவே தழும்பேறி இறுகிப்போன நுரையீரல், அதில் நிமோனியா வேறு. குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தால் நீ மூச்சிழுக்கப் படும் பாடு குறையும், மருந்து வேலை செய்ய அவகாசம் கிடைக்கும் என்றார். அந்தக் காற்றழுத்தமே நுரையீரலைப் புண்ணாக்கலாம், புதுக் கிருமி தொற்றலாம், இந்த நோய் உள்ளவர்களில் பலர் மெஷினை விட்டு மீளவில்லை, சிலர் மீண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். "இவங்க எந்தப் பக்கம்னு என்னால சொல்ல முடியாதுங்க." அதை அப்படியே உன்னிடம் வந்து சொன்னேன்.

ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி நீ ஒரே கேள்விதான் கேட்டாய். "போட்டா பேச முடியாதுங்களா?"

"முடியாது கண்ணு. மயக்கத்துலதான் வெப்பாங்களாம்."

"அப்ப வேண்டாமுங்க. மாஸ்க்கே போதும். நான் சொன்னேன்னு அண்ணங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க, தாங்க மாட்டாரு."

அதன்பிறகு இரண்டு நாள் பேசினாய். என்ன பேசினாய்? புதுத் துணியைத் துவைத்துப் பார்த்தீர்களா, முருங்கைக்குத் தண்ணீர் விட்டீர்களா என்று. இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. அண்ணன் மனசு நோகக்கூடாது என்று பார்த்தாயே, என் மனசுக்கு என்ன வழி செய்துவிட்டுப் போனாய்?

மெஷின் வைத்திருந்தால் பிழைத்திருப்பாயா? எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது, தெரிந்த மாதிரி பேசுகிறார், அவ்வளவுதான். துவைக்காத துண்டு ஒன்று இருந்தால் அவர் முன்னால் போட்டுக் காட்டியிருப்பேன். நீ ஒருத்திதானே இருந்தாய்.

பந்தியில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நீ சொன்னது நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"ஆமாங்க மச்சான், நான்தான் வேண்டாம்னேன்" என்று சொல்லிவிட்டு இலையை மூடினேன்.