வருகிறேன் என்று எழுதினீர்கள்

சாமியார்பேட்டை
7-9-1987

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் ஜெயம்மாள் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். அங்கே நீங்கள் இளைத்திருந்தால் அது என் சமையல் இல்லாத குறை, டாக்டரிடம் போக வேண்டாம்.

காற்று மாறினால் உடம்பு தேறும் என்று என்னை அக்கா வீட்டுக்கு அனுப்பினீர்களே, காற்றுக்கு இங்கே பஞ்சமே இல்லை. மணல் கடிபடாமல் ஒரு வாய் சோறு தின்ன முடியவில்லை. காலையில் அக்காவும் நானும் சவுக்குத் தோப்பு வழியாகக் கடற்கரைக்கு நடக்கிறோம். உங்கள் அம்மாவைக் கண்டதும் நான் அடுப்படிக்கு ஓடுவேனே, அது மாதிரி நண்டெல்லாம் எங்களைக் கண்டு வளைக்குள் ஓடுகின்றன. மாயவன் அத்தான் எங்களைத் தோணியில் பிச்சாவரம் காட்டுக்குள் கூட்டிப் போனார். மரங்கள் தண்ணீரிலேயே வேர் விட்டு நிற்கின்றன.

கல்யாணமான புதிதில் கல்வராயன் மலையில் ஏற்றி, பள்ளத்தில் கிடந்த பனியைக் காட்டி, "அதாண்டி கடலு" என்று ஏமாற்றினீர்கள். எட்டு வருஷம் கழித்து நிஜக் கடலைப் பார்த்துவிட்டேன். நீங்களும் வாருங்கள். இரண்டு நாள் இருந்துவிட்டு ஒன்றாகத் திரும்பலாம்.

எலவனாசூர்கோட்டை மாமன் வந்து போனதாகக் கேள்விப்பட்டேன். பிள்ளை இல்லை என்று சொல்லி அவர் பெண்ணை உங்களுக்குக் கட்ட அத்தை நினைப்பது எனக்குத் தெரியும். நீங்கள் தலையாட்ட மாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான் இங்கே நிம்மதியாகத் தூங்குகிறேன்.

உங்கள்
ஜெயம்மாள்


தியாகதுருகம்
12-9-1987

அன்புள்ள ஜெயாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கரும்புக்குத் தண்ணீர் கட்ட வேண்டும், கரண்ட் எப்போது வரும் என்று தெரியவில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி ஜாஸ்தி. மாமன் வந்தது உண்மைதான். பெரியவர்கள் என்னவோ பேசுகிறார்கள். நீ எதையும் மனசில் போட்டுக்கொள்ளாதே. அக்கா வீட்டில் நன்றாக இரு. உடம்பைப் பார்த்துக்கொள்.

வருகிறேன்.

சின்னதுரை


சாமியார்பேட்டை
26-9-1987

அன்புள்ள மாமாவுக்கு,

வருகிறேன் என்று நீங்கள் எழுதியதை அக்காவிடம் காட்டினேன். அவள் மீன் வாங்கி வைத்தாள். கெட்டுப் போய்விடுமே என்று நாங்களே தின்றுவிட்டோம்.

அப்புறம்தான் மறியல் சேதி வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்களாம், உளுந்தூர்பேட்டையில் லாரிகள் வரிசையாக நிற்கின்றனவாம். துப்பாக்கிச் சூடுகூட நடந்ததாம். தினமும் ஸ்டாப்புக்குப் போய் நின்றேன்.

"இன்னாடி, பஸ்ஸே ஓடலன்றாங்க, இங்க நின்னுக்கினு இன்னா பண்ற?" என்று அக்கா வந்து இழுத்தாள்.

"வரேன்னு எழுதினாருக்கா. நடந்தாவது வந்துருவாரு" என்றேன்.

எங்கே மாட்டிக்கொண்டீர்களோ, சாப்பிட்டீர்களோ. ஒரு கார்டு போடுங்கள், மாமா. கடல் எங்கேயும் போய்விடாது, மெதுவாக வாருங்கள்.

உங்கள்
ஜெயம்மாள்


தியாகதுருகம்
3-10-1987

ஜெயா,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மறியலில் நானும் உட்கார்ந்தேன். படித்துவிட்டு நம் பிள்ளைகள் வேலையில்லாமல் நிற்கிறார்களே, அவர்களுக்காகத்தான். இப்போது ரோடு திறந்துவிட்டது, பஸ் ஓடுகிறது. பழியை ரோட்டின் மேல் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். மனசு கேட்கவில்லை.

நான் அங்கே வருவதாக எழுதவில்லை. ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது வரேன் என்போமே, அந்த வருகிறேன்தான் அது. வேறு எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசியில் முகூர்த்தம் வைத்துவிட்டார்கள். நீயும் வந்து இரு. "மூத்தவ மரியாத மூத்தவளுக்குத்தான், ஒண்ணும் கம்மியாவாது" என்று அம்மா சொல்கிறாள்.

சின்னதுரை


சாமியார்பேட்டை
10-10-1987

மாமாவுக்கு,

படித்துவிட்டு அழுதேன். கல்யாணச் சேதிக்கு அழுததைவிட, பஸ் ஸ்டாப்பில் பூ வைத்துக்கொண்டு நின்றதை நினைத்துத்தான் அதிகம் அழுதேன். போகிறேன் என்று சொல்லக்கூடாது என்று சின்ன வயசிலிருந்து நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் அன்றைக்கு ஒரு நாள் அதை மீறியிருக்கலாம்.

நம் பிள்ளைகள் என்று எழுதியிருந்தீர்கள். நமக்கு ஏது மாமா பிள்ளை? உங்களையும் பரிசோதிக்க வேண்டும், கூட்டிக்கொண்டு வா என்று கள்ளக்குறிச்சி டாக்டரம்மா எத்தனையோ முறை சொல்லியும் நீங்கள் வரவில்லை. அதை அத்தையிடம் நான் சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எலவனாசூர்கோட்டைப் பெண் ஒரு நாள் கூப்பிட்டால், அவளோடாவது போய் வாருங்கள்.

நான் அங்கே வரவில்லை. இங்கே சத்துணவுக் கூடத்தில் சமையலுக்கு ஆள் வேண்டுமாம், அத்தான் சொல்லி வைத்திருக்கிறார். திங்கட்கிழமை போகிறேன்.

ஊரில் யாராவது கேட்டால், ஜெயம்மாள் வேலை பார்க்கிறாள் என்று சொல்லுங்கள். வாழாவெட்டி என்று மட்டும் சொல்லவிடாதீர்கள், மாமா. உங்களோடு நான் நன்றாகத்தான் வாழ்ந்தேன்.

ஜெயம்மாள்