மூன்று மாதக் குழந்தைக்கு ஐந்து மாதத் தொடை எலும்பு

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் போய்விட்டது, ஒரு வாரமாக அதற்குத் துக்கம் காத்துக்கொண்டிருக்கிறார். உன் சௌக்கியத்தை நீயாகச் சொல்லமாட்டாய் என்பதால் நீ அனுப்பிய ஸ்கேன் படத்திலேயே பார்த்துக்கொண்டேன். போனில் பேசினால் பாதியில் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

மாப்பிள்ளை, “அத்தை, இப்பதான் மூணு மாசம் முடியுது” என்று கூசாமல் சொன்னார். நீயும் படத்தின் மேலே இருந்த தேதியையும் வாரக்கணக்கையும் வெட்டிவிட்டு அனுப்பியிருந்தாய், கெட்டிக்காரிதான், ஆனால் ஓரத்தில் இருக்கும் சென்டிமீட்டர் கோடுகளை விட்டுவிட்டாய். மருத்துவக் கல்லூரி லேபில் இருபத்தாறு வருடமாகக் கோழிக் கருவுக்கும் எலிக் கருவுக்கும் சாயம் ஏற்றி, குருத்தெலும்பு நீலம், எலும்பு சிவப்பு என்று ஜாடியில் அடைக்கிறவள் காதிலா பூச்சுற்றுகிறீர்கள் இரண்டு பேரும்? அளந்து பார்த்தேன். தொடை எலும்பு மூன்று சென்டிமீட்டருக்கு மேலே போகிறது. மூன்று மாதத்தில் அது ஒரு சென்டிமீட்டர் வாக்கில்தான் இருக்கும். ஒன்று உன் வயிற்றில் இருப்பது ஒட்டகச்சிவிங்கி, இல்லாவிட்டால் உனக்கு ஐந்து மாதம்.

என் லேப் மேஜையில் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவளுக்கு இதெல்லாம் தெரியாததா? முதலில் எலும்பே கிடையாது, குருத்தெலும்பில் ஒரு மாதிரி வடிவம் உருவாகும், வளைத்தால் வளையும். ஏழெட்டு வாரத்துக்குமேல்தான் நடுத்தண்டில் சிவப்பு விழுந்து இரண்டு பக்கமும் பரவும், நுனிகள் பிறக்கும்வரை பெரும்பாலும் நீலம்தான். மண்டையின் மேல் ஓடு மட்டும் குருத்தெலும்புக்குக் காத்திராமல் சவ்விலேயே நேராக எலும்பாகிவிடும், உன் அப்பாவுக்கு அது தேவைக்கு மேலேயே ஆகியிருக்கிறது.

போன வாரம் புதிதாக வந்த பேராசிரியர், எனக்குச் சொல்லித்தர வந்தவர், ஒரு கோழிக் கருவைச் சதையைக் கண்ணாடியாக்கும் காரக் கரைசலில் இரண்டு நாள் கூடுதலாக ஊறவிட்டுவிட்டார். காலையில் பார்த்தால் எலும்பெல்லாம் ஜாடியின் அடியில் தனித்தனியாகக் கிடந்தன. “இந்தக் கருவே பலவீனம்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. போன தடவை ஏழாவது வாரத்தில், எலும்பில் ஒரு புள்ளி சிவப்பு விழுமுன்னே உனக்குக் கலைந்தபோது நானும் இதையேதான் சொன்னேன். உன் உடம்பு பலவீனம், மாடிப்படி ஏறினாய், வேலைக்கு ஓடினாய் என்றேன். அதற்கு முன்பே நான் சொந்தக்காரர்களுக்கெல்லாம் தம்பட்டம் அடித்திருந்ததால் ஒவ்வொருவரும் உனக்குப் போன் போட்டுத் துக்கம் விசாரித்தார்கள். படி ஏறி யாருக்கும் கரு கலைவதில்லை, லேபில் இருக்கிற எனக்கே அது தெரியும், தெரிந்தும் சொன்னேன். நீ தேதியை வெட்டியதில் தப்பில்லை. ஆனாலும் வலிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. பிரசவத்துக்கென்று ஆறு வாரம் லீவு எழுதிக் கொடுத்தேன், மறுநாளே திரும்ப வாங்கிக் கிழித்துப்போட்டேன். நீ கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் வரமாட்டேன், ஏன் என்றும் கேட்கமாட்டேன். இந்த இரண்டு வரியை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது.

நீயும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைப் பாலோடு போடாதே.

இப்படிக்கு,
வாயை மூடப் பழகிக்கொண்டிருக்கும் உன் அம்மா