பழைய முகவரி

வியாழன், இரவு பதினொன்று.

திருப்பரங்குன்றத்தில் நாங்கள் காலி செய்த வீட்டில் இப்போது இருக்கும் செல்வி சாயங்காலம் போன் செய்தாள். சின்ன மகளோடு தனியாக இருப்பவள்.

"அக்கா, ஒங்களத் தேடி ஒருத்தர் வந்தாரு. கூட வேல பாத்தவராம். போன்ல ஒங்க போட்டோவக் காட்டுனாரு. பச்சைச் சுடிதார், தலையில துண்டு கட்டியிருக்கீக."

அந்தப் படத்தை நான் எந்த மனிதருக்கும் அனுப்பவில்லை. மோசமான ஆண்களைப் பற்றிப் பெண்கள் தங்கள் பெயர் சொல்லாமல் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்ளும் அந்த ஆப், நான் பெண்தானா என்று பார்க்க முகத்தையும் லைசென்ஸையும் கேட்டது. பார்த்ததும் அழித்துவிடுவோம் என்றது. போன மாதம் அதெல்லாம் இணையத்தில் கசிந்துவிட்டது என்று செய்தி வந்தது. லைசென்ஸில் பழைய முகவரிதானே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

"ஆளு எப்படி இருந்தாரு?"

"நெத்தியில தழும்பு. மரியாதையாத்தான் பேசுனாரு."

அவன்தான். சந்தித்த அன்றே, கிளம்புகிறேன் என்றதற்கு என் கையை முறுக்கியவன். அதைத்தான் ஆப்பில் எழுதியிருந்தேன்.

"என் நம்பரக் குடுத்திராத."

"குடுக்கலக்கா. என் நம்பரத்தான் வாங்கிட்டுப் போனாரு. நீங்க இருக்க எடம் தெரிஞ்சா சொல்லச் சொன்னாரு."

பக்கத்தில் அம்மா இருந்தாள்; அவளுக்கு இது எதுவும் தெரியாது. சரிம்மா என்று செல்வியிடம் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். முகம் தெரியாத பெண்களுக்கெல்லாம் எழுதியவள், இவளிடம் அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாட்ஸ்அப்பைத் திறந்தேன். செல்வி ஆன்லைனில் இருக்கிறாள். அவன் வாங்கிப் போன அந்த நம்பரில், நான் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த அரை மணி நேரமும் இருக்கிறாள்.