மூன்றாவது செட்

டால்பி, குவீன்ஸ்லாந்து
11 மார்ச் 1956

என் அன்பு கிளைவுக்கு,

நானும் ஜேனெட்டும் சுகம். மழைதான் இல்லை. அமெரிக்காவிலிருந்து நீ அனுப்பிய கம்பளிக் கோட்டை இந்த வெயிலிலும் உன் மகள் கழற்றமாட்டேன் என்கிறாள்.

நீ தொழில்முறை டென்னிஸுக்குப் போனதும் நம் கிளப்பில் உன் பெயரை அடித்துவிட்டார்கள். "காசுக்கு ஆடறவனுக்கு இங்க என்ன வேலை?" என்கிறார் செயலாளர். நன்றாகத் திட்டிவிட்டு வந்தேன். உலகச் சாம்பியனுக்கு டால்பியில் இடமில்லை!

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. அந்த பட் கிரேவரை எதிர்த்து ஊர் ஊராக ஆடுகிறாய். பேப்பரில் பார்க்கிறேன், எந்த ஊரிலும் நீ முதல் இரண்டு செட்டையும் ஜெயித்து ஆட்டத்தை முடிப்பதில்லையே, ஏன்? முதல் செட் உனக்கு, இரண்டாவது அவனுக்கு, மூன்றாவது உனக்கு. பால்காரர் வருகிற மாதிரி தவறாமல் நடக்கிறது.

உன் டெல்மா


கிளீவ்லாந்து
29 மார்ச் 1956

கண்ணே டெல்மா,

கடிதம் கிடைத்தது, சிரித்தேன். மாட்டுச் சந்தைக்காரர் மகளாயிற்றே, எதையும் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் விடமாட்டாய்.

இங்கே பனிச்சறுக்கு மைதானத்தில் பலகை அடுக்கி, மேலே கித்தான் விரித்து, அதைக் கோர்ட் என்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் சுருட்டி லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கிளம்பவேண்டும். இதில் எவன் ஒழுங்காக ஆடுவான்? கிரேவரும் தேறிவிட்டான். ஆகஸ்டில் பிரிஸ்பேனுக்கு வருகிறோம். வந்து உன் கண்ணாலேயே பார். ஜேனெட்டுக்கு முத்தங்கள்.

உன் கிளைவ்


டால்பி
14 ஆகஸ்ட் 1956

கிளைவுக்கு,

ஜேனெட்டுக்கு அம்மை, பிரிஸ்பேனுக்கு வரமுடியாது என்று தந்தி கொடுத்தேன் அல்லவா? அது பொய். அவளை அக்காவிடம் விட்டுவிட்டு வந்து, கடைசி வரிசையில் தொப்பியை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நான் இருப்பது தெரிந்தால் நீ வேறு மாதிரி ஆடியிருப்பாய்.

நெருக்கடியான புள்ளி என்றால் நீ எதிராளிக்குச் சிரமமான பேக்ஹேண்டுப் பக்கம்தான் சர்வீஸ் போடுவாய். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதை வாங்கி ஆடியவள் நான். இரண்டாவது செட்டில் நீ போட்டது என்ன? கிரேவரின் கைக்கே, தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி.

பக்கத்து மனிதர் கண் கலங்கிவிட்டார். "பாவம், களைச்சுப் போயிட்டான்யா! முக்கி முக்கி ஆடறான் பாரு!" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. உண்மையைச் சொல்.

டெல்மா


அடிலெய்டு
22 ஆகஸ்ட் 1956

என் டெல்மாவுக்கு,

ஆமாம். எங்களை அழைத்துப்போகிற மெர்சர் முதல் வாரமே தோளில் கைபோட்டுச் சொன்னார்: "தம்பி, அரைமணியில அவனை அடிச்சு அனுப்பிட்டா அடுத்த ஊர்ல எவன் டிக்கெட் வாங்குவான்? ஒரு செட்ட விட்டுக்குடு. கடைசியில நீதானே ஜெயிக்கப்போற!"

விட்டுக்கொடுத்தேன். நிஜம் போலத் தோற்பது ஜெயிப்பதைவிடக் கஷ்டம், தெரியுமா? உன்னிடம் மறைத்தது தப்பு. ஆனால் கோர்ட்டுக்கு வெளியே உன்னை நான் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. செப்டம்பர் எட்டாம் தேதி ரயிலில் வருகிறேன்.

என்றும் உன்
கிளைவ்


டால்பி
28 ஆகஸ்ட் 1956

கிளைவ்,

கோர்ட்டுக்கு வெளியே என்கிறாய். நம் வாழ்க்கை கோர்ட்டுக்குள்தானே தொடங்கியது? நம் கிளப்பின் அந்த ஈஸ்டர் போட்டியில், யாரோடு யார் மோதுவது என்று ஆண், பெண் பார்க்காமல் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். இறுதி ஆட்டத்தில் உன்னை நான் ஜெயித்தேன், மூன்றாவது செட்டில். அன்று சாயங்காலம்தான் என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டாய். பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம், சாம்பியனையே அடித்தவள் நான் என்று ஒரு திமிர் எனக்கு. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். இப்போது அந்த ஆட்டத்தைப் பந்து பந்தாக நினைத்துப் பார்க்கிறேன். எந்தப் பந்தை நம்புவது என்று தெரியவில்லை.

பதில் எழுதாதே. அன்றும் விட்டுக்கொடுத்தேன் என்றால் தாங்கமாட்டேன். இல்லை என்றால் நம்பமாட்டேன்.

அப்பாவின் பண்ணைக் கோர்ட்டில் புதிதாகக் கறையான் புற்றுமண்ணை இடித்துக் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து வைத்திருக்கிறேன். ரயிலிலிருந்து நேராக அங்கே வா. என்னோடு ஒரு செட் ஆடு. நான் மட்டையைத் தொட்டு வருஷக்கணக்காகிறது, உடம்பும் பெருத்துவிட்டது. ஆறு கேமுக்குப் பூஜ்யம் என்று என்னை ஓட ஓட அடி. இரக்கப்பட்டு ஒரே ஒரு கேம் விட்டாயானாலும், பெட்டியைப் பிரிக்காமல் அடுத்த ரயிலில் திரும்பிப் போய்விடு.

டெல்மா