குலவைக்கும் அசையாத அப்பா

மட்டாஞ்சேரி,
சனிக்கிழமை சாயங்காலம்.

அன்பு மகன் அபிலாஷுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தங்கை சுமாவும் சுகமாக இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். சில மாதமாக அப்பாவோடு கத்திக் கத்தி என் தொண்டை அப்படியே பழகிவிட்டது, நான் போனில் ரகசியம் பேசினால் படகுத் துறையில் போட்டுக்குக் காத்து நிற்கிறவர்களுக்கெல்லாம் கேட்கிறது என்று சுமா சிரிக்கிறாள். அதனால் எழுதித் தருகிறேன், அவள் போட்டோ எடுத்து அனுப்புவாள். நீ மலையாளத்தில் படித்தவன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், பரவாயில்லை, மெதுவாகவே படி, ஆனால் கடைசி வரைக்கும் படி.

விஷயம் நம் கோவில் கொடைத் திருவிழாவில் தொடங்கியது. வழக்கம்போல அப்பாதான் கரகம் எடுத்தார். பெண்கள் குலவை போட்டதும் கரகத்தோடு நடையை விட்டு இறங்க வேண்டும், அதுதானே நம் முறை. இந்த வருஷம் நாங்கள் குலவை போட்டோம், மனிதர் அசையவில்லை. இன்னும் உரக்கப் போட்டோம், கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி தூண் மாதிரி நிற்கிறார். மூன்றாம் முறைக்கும் அசையாமல் நிற்கவே மாடத்தி அத்தைக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, பாலையா அண்ணன் மேல ஆத்தா இறங்கிட்டா என்று ஒரே கூச்சல். அவ்வளவுதான், மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள், கையில் வேப்பிலையைத் திணித்தார்கள், கோவில் தலைவர் செல்லதுரை கைகட்டி நின்று, தாயே, நாங்க என்ன குறை வச்சோம், சொல்லு தாயே என்று கேட்டார். உன் அப்பா எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, சரி சரி, நேரத்துக்குச் சாப்பிடுங்க என்றார். அம்மன் வாக்கு என்று கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது, அன்றைக்கு அன்னதானத்தை வெயில் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிட்டார்கள்.

எல்லாரும் கும்பிட, எனக்கு மட்டும் வேறொன்று ஞாபகம் வந்தது. ஓணத்துக்கு முன்னால் நீ போனில் அவரிடம், களமசேரி ரோஜாவைக் கட்டிக்கிடட்டுமா அப்பா என்று கேட்டபோது, சரி சரி, நேரத்துக்குச் சாப்பிடு என்று சொல்லிப் போனை என் கையில் கொடுத்தாரே, அதே வார்த்தை. அப்பாவுக்கு அவளைப் பிடிக்கவில்லை, அதான் பேச்சை மாற்றுகிறார் என்று அழாத குறையாகச் சொன்னாய், அன்றிலிருந்து அவரோடு பேசுவதையே விட்டாய். நானும் அப்படித்தான் நம்பி, கிளறினால் பெரிய சண்டையாகும் என்று வாயைத் திறக்காமல் இருந்தேன். நீ கேட்டது மனிதருக்குக் காதிலேயே விழவில்லை, ஐயா.

அடுத்த வாரமே அவரைப் போட்டில் எர்ணாகுளத்துக் காது ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். என் காதுக்கு என்ன கேடு, நீங்க எல்லாரும் முணுமுணுக்கிறீங்க என்று வழியெல்லாம் சண்டை. அங்கே போனால் உட்கார இடமில்லை. வைப்பினிலிருந்து வந்த மீன்காரச் சேச்சி, ஒரு பஸ் டிரைவர், ஒரு காலேஜ் வாத்தியார், பள்ளிக்கூட யூனிபாரத்தோடு ஒரு சின்னப் பெண். இத்தனை பேரா என்று நான் வாயைப் பிளந்ததற்குக் காது பரிசோதிக்கிற விசாலாக்ஷி சிரித்தாள், நம்ம தமிழ்ப் பெண்தான். உலகத்துல அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு ஏதோ கொஞ்சமாவது காது குறைவுதான் அம்மா, அறுபது தாண்டினா நாலுல ஒருத்தருக்கு நல்லாவே குறைஞ்சிருக்கும், கண்ணாடி போடறதை வெளியில சொல்றாங்க, காதை மட்டும் மறைக்கிறாங்க என்றாள். அப்பாவுக்கு வேலை பார்த்த வருஷமெல்லாம் மில்லில் மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்ற காது அல்லவா, கீச்சென்ற சத்தம்தான் முதலில் போகுமாம், குலவை விழாததற்கு அதுதான் காரணம். வந்தது வந்தீங்க, நீங்களும் உட்காருங்க என்று என்னையும் பிடித்து வைத்துப் பார்த்தாள், எனக்கும் இடது காது கொஞ்சம் மந்தமாம். அதைக் கேட்டு உன் அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! திரும்பி வரும்போது போட்டில் வேண்டுமென்றே என் இடது பக்கம் உட்கார்ந்து என்னவோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

இப்போது அவருக்கு இரண்டு காதிலும் மெஷின். தட்டை வைத்தால், ஏன் போட்டு உடைக்கிறே என்கிறார், ஃபேனோடு தனிச் சண்டை. மெஷின் மாட்டிய அன்றைக்கே ரோஜா விஷயத்தைச் சொன்னேன். அவன் எங்கிட்டயா கேட்டான், எங்கிட்டயே கேட்டானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இந்தக் கிழவனிடம் என்ன பேச்சு என்று நீ ஒதுக்கிவிட்டதாக இத்தனை மாதமும் நினைத்திருக்கிறார். நீ கூப்பிடுகிற நேரம் பார்த்து அவர் சாயா குடிக்கக் கிளம்பியதெல்லாம் அதனால்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாளைக்குக் கூப்பிடு. என்னைக் கேட்காதே, அப்பாவைக் கொடு என்று சொல். முகத்தைக் காட்டி நிதானமாகப் பேசு, கத்தாதே, மெஷினில் கத்தினால் அவருக்கு வலிக்குமாம். நீயும் ஹெட்போனில் பாட்டைக் குறைத்துக் கேள். ரோஜாவைப் பற்றி முதலில் கேட்ட மாதிரியே மறுபடி கேள். பதில் எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன், அதைச் சொல்வதற்காக இன்றைக்கே சவரம் செய்து, வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார். மாரியம்மன் உங்கள் இரண்டு பேருக்கும் துணை இருப்பாள். எல்லாம் பேசி முடித்த பிறகு, நேரத்துக்குச் சாப்பிடு என்றும் சொல்வார். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் சொல்வார்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
காளியம்மை