மருதிக்காகக் கடல் கடந்த வாயோலை

நலம் பெருகுக. இவ்வோலை வாசிக்கக் கேட்போர் அனைவரும் முதலில் இதை அறிக: பேசத் தொடங்கினால் கடலலையும் தன் முறை வரட்டும் என்று கரையோரம் ஒதுங்கி நிற்கும் எனப் பெயர் வாங்கியவரும், நான்கு அரசர்களின் அவைகளில் பேசியே நான்கு அரசர்களையும் உறங்கவைத்தவருமான ஓய்வுபெற்ற கடல்தூதர் முனையதரையர், நம் கடம்பவாய்த் துறையில் கப்பலேறியது முதல் பவழவரைத் தீவின் கல்விமன்றத்தில் போய் நின்றது வரை ஒரு சொல், ஒரே ஒரு சொல்கூடப் பேசாமல் இருந்தார்.

சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கலாம். ஓலை காத்திருக்கும்.

இனி முறைப்படி. உப்பும் முத்தும் விளையும் கடம்பவாய் நாட்டை வெண்குடை நிழலில் வைத்துக் காக்கும் இளம்பிறை நாச்சியார், தம் ஆட்சிக்குட்பட்ட எல்லாத் துறைகளின் சுங்கத்தார்க்கும், துறைக்காவலர்க்கும், கல்விச்சாலைத் தலைவர்க்கும் விடுக்கும் திருவோலை. உங்கள் துறைகளில் நீர் ஆழமாகவும் மணல் குறைவாகவும் இருப்பதாக. உங்கள் கப்பல்கள் போன வழியே திரும்பி வருவதாக. வாசகம் அமைக்கும் பணியைத் தேவியார் முனையதரையரிடமே தந்தபடியால், அவர் பெருமை இதில் எவ்விடத்தும் குறைந்துவிடாது என்பதையும், சுங்கநாயகம் அரங்கனார் வரிவரியாகக் கேட்டு ஒப்பமிட்ட பின்பே ஓலை வெளிச்செல்லும் என்பதையும் சேர்த்து அறிக. அரங்கனார் இப்போதே பெருமூச்சு விடுகிறார்.

செய்தி இது. நம் துறையை மணல் மூடிவருகிறது. போன மாரிக்குப் பின் முத்துக்கப்பல் ஒன்று வாயிலிலேயே தரைதட்டி நின்று, அதன் மேல்தளத்தில் புல் முளைத்து, இன்று ஆட்டுமந்தை மேய்கிறது. (ஓர் ஆடு என்கிறார் அரங்கனார்.) அலையைத் தடுத்து மணலைத் திருப்பிவிடும் கற்கரை கட்டும் கலை பவழவரைத் தீவின் பெருங்கல்லூரியில் மட்டுமே உண்டு. நம் கல்விச்சாலையில் நீர்க்கலை பயின்று முதலிடம் பெற்ற மருதி, உப்பளத்தில் கூலிவேலை செய்பவரின் மகள், அங்கே மேற்படிப்புக்குப் போக விரும்பினாள். அத்தீவரசு ஆண்டுதோறும் வெளிநாட்டவர் ஒருவர்க்கு முழுக்கொடை தருகிறது. கப்பற்கூலி, சோறு, துணி, உறைவிடம், இரவில் படிக்க விளக்கெண்ணெய் வரை அவர்கள் பொறுப்பு. ஒருவர் நான்கு முறைதான் விண்ணப்பிக்கலாம். அதன்பின் கடவுளே கையொப்பமிட்டு அனுப்பினாலும் திருப்பிவிடுவார்கள்.

கொடுப்பதில் அவர்கள் வள்ளல்கள்; கேட்பவரை அலையவைப்பதிலோ அதைவிடப் பெரிய வள்ளல்கள். மருதி ஏழை என்று ஒரு செல்வர் சான்று தரவேண்டும் என்றார்கள். நம்மூர்ச் செல்வரோ, "நான் அந்தப் பக்கமே போனதில்லையே, அவ ஏழைன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கையை விரித்தார். தீவின் மொழி அறிந்ததற்குத் தேர்வெழுதிக் காட்டவேண்டும் என்றார்கள். தேர்வோ தீவில் மட்டுமே நடக்கும். மருதி சளைக்கவில்லை. செல்வரைக் கையோடு உப்பளத்துக்கு அழைத்துப்போய் வெயிலில் நிறுத்தி, தன் குடிசையைக் காட்டிச் சான்று பெற்றாள். துறைக்கு வந்த தீவின் மாலுமிகளோடு அவர்கள் மொழியிலேயே சண்டையிட்டு, கப்பல் தலைவனிடம் மொழிச்சான்றும் பெற்றாள். அவளால் தாண்ட முடியாமற்போனது ஒன்றே. அது பரிந்துரை ஓலை.

பரிந்துரை, அரச இலச்சினை உடையாமல் வந்து சேரவேண்டும் என்பது தீவின் விதி. நம் துறையை விட்டுச் செல்லும் எந்த மூட்டையையும் ஓலையையும் உடைத்துப் பாராமல் விடலாகாது என்பது முத்துக் கடத்துவோர்க்காக நாம் வைத்த விதி. முதலாண்டு அரங்கனாரின் ஆட்கள் இலச்சினையை உடைத்துப் பார்த்து அனுப்பினர். உடைந்த ஓலை ஏற்பதற்கில்லை என்று தீவு திருப்பியது. மறுவாண்டு உடைத்துப் பார்த்தபின் புதிதாக ஒட்டி அனுப்பினர். அரக்கின்மேல் அரக்கு இருப்பது ஐயத்துக்குரியது என்று திருப்பியது. மூன்றாமாண்டு இலச்சினையே இல்லாமல் அனுப்பினர். இது யார் கிறுக்கியதோ என்று திருப்பியது. ஒவ்வொரு மறுமொழியும் ஒரு மழைக்காலம் முழுதும் காத்திருந்து வந்தது. அந்த மூன்றாவது மறுமொழியைப் படித்த முனையதரையர் தம் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டார். இன்றைய வழுக்கை அன்று விழுந்ததே. (அதற்கு இருபது ஆண்டு முன்பே விழுந்தது என்கிறார் அரங்கனார்.)

மருதி சுங்கச்சாவடிக்கு நடந்தாள்.

"ஐயா, ஒரே ஒரு தடவை உடைக்காம விடுங்க."

"உனக்கு விட்டா, நாளைக்கு முத்துக் கடத்துறவனும் படிக்கப் போறேன்னுதான் வந்து நிப்பான். உன்மேல கோபமெல்லாம் இல்லம்மா."

"கோபம் இல்லாமலே மூணு வருஷத்தைத் தின்னுட்டீங்க ஐயா. கோபமா இருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அரங்கனார் அடுத்த மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டார். விதி தளரவில்லை.

இவ்வளவும் நடக்கையில் தரையர் வீட்டில் ஓய்வாக இருந்தார். கேட்க ஆளில்லாமல் கிளியொன்று வாங்கி அதனிடம் தம் கடற்பயணங்களைச் சொல்லிவந்தார். கூண்டைத் திறந்துகொண்டு அதுவும் போய்விட்டது. அந்தத் தனிமையில்தான் பழைய உடன்படிக்கை ஒன்று அவர் நினைவுக்கு வந்தது. போர்க்காலத்தில் ஓலையைப் பகைவர் பறிப்பர் என்று, செய்தியை மனப்பாடம் செய்த ஒருவரையே ஓலையாக அனுப்பும் வழக்கம் இரு நாட்டுக்கும் உண்டு. வாயோலை என்பர். அவர் மணிக்கட்டில் நூல்கட்டி அரக்கு இலச்சினை வைப்பர். சேருமிடம் சேரும்வரை அவர் யாரிடமும் எச்சொல்லும் பேசலாகாது. பேசினால் ஓலை பிரிக்கப்பட்டதாகப் பொருள். தீவின் அவைக்கு முகம் தெரிந்தவரே வாயோலை ஆகலாம். அப்படி நம் நாட்டில் உயிரோடிருப்பவர் தரையர் ஒருவரே.

அவையில் இதைச் சொன்னபோது எழுந்த சிரிப்பில் மண்டபத்துத் தூண் ஒன்று விரிசல் விட்டது. அரங்கனார் மட்டும் சிரிக்கவில்லை.

"ஓய் தரையரே, நீர் மணல்திட்டைத் தாண்டறதுக்குள்ள பேசிடுவீர். அந்தப் பொண்ணுக்கு இதுதான் கடைசி முறை. விளையாட்டா இது?"

வழக்கத்தில் இன்னொரு கூறும் உண்டு. வாயோலைக்குக் காவலாக, அதை நம்பாத ஒருவரையே உடன் அனுப்பவேண்டும். நண்பர் பொய் சொல்லக்கூடும் என்பதால். தேவியார் அரங்கனாரைப் பார்த்தார். அப்படித்தான் அவரும் கப்பலேறினார்.

துறையில் இலச்சினை வைத்தபின் அரங்கனார் தம் கடமையை விடவில்லை. விதி விதிதான், வாயைத் திறவும் என்றார். தரையர் திறந்தார். அரங்கனார் உள்ளே எட்டிப் பார்த்து, பல் சில உண்டு, முத்து ஏதும் இல்லை என்று எழுதிக்கொண்டார். வழியனுப்ப வந்த மருதி கைகூப்பி, "ஐயா, உங்க வாயை நம்பித்தான் இருக்கேன். அதைச் சொல்லவே பயமா இருக்கு," என்றாள். அதற்குச் சொல்ல அவரிடம் நூறு மறுமொழி இருந்தது. கையை நெஞ்சில் வைத்துக் காட்டிவிட்டு ஏறினார்.

கடலில் அரங்கனார் செய்த கொடுமைகளை எழுத இன்னொரு பனங்காடு வேண்டும். குழம்பை உப்பில்லாமல் வைக்கச் சொல்லிவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்பார். தீவோடு உடன்படிக்கை செய்தவர் மறைந்த இன்னொரு தூதர் காரியார்தான், தரையர் அப்போது வயிற்றுப்போக்கில் கப்பலிலேயே கிடந்தார் என்று மாலுமிகளுக்குக் கதை சொல்வார். தரையர் மேல்துண்டைக் கடித்துக்கொண்டார். அன்று மாலைக்குள் துண்டில் பாதி அவர் வயிற்றுக்குள் போயிருந்தது.

மறுநாள் அக்கதையின் தொடர்ச்சி நடந்தது. சுக்கான் பிடித்தவனும் பின்பக்கம் திரும்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கப்பலின் முனையில் முன்புறம் பார்த்து உட்கார்ந்திருந்தவர் தரையர் ஒருவரே. நேர் எதிரே, நீருக்குள் கிடக்கும் பாறையின்மேல் நுரை வெளுத்து உடைவதைக் கண்டார். பாறை என்ற சொல் தொண்டையில் ஏறிப் பல்லில் வந்து முட்டியது. அதைச் சொன்னால் கப்பல் பிழைக்கும். மருதியின் நான்காம் முறை அங்கேயே மூழ்கும். சொல்லாவிட்டால் எல்லாமே மூழ்கும். காலிலிருந்த மரக்குறட்டைக் கழற்றிச் சுக்கான்காரன் முதுகைப் பார்த்து எறிந்தார். அவன் ஏசுவதற்காகத் திரும்பினான், நுரையைக் கண்டான், சுக்கானை ஒடித்துத் திருப்பினான். கப்பலின் விலாவை உரசிக்கொண்டு பாறை போயிற்று.

பிறகு அரங்கனார், "குறடு பேச்சுல சேருமா சேராதான்னு மன்றத்துலதான் கேக்கணும்," என்றார். சொல்லிக்கொண்டே அந்தக் குறட்டை எடுத்துவந்து தரையர் காலருகே வைத்தார்.

மன்றத்தில் தீவின் கல்வித்தலைவி வீற்றிருந்தாள். தரையர் மணிக்கட்டை நீட்டினார். அரக்கு உடையாமல் இருந்தது. பரிந்துரையைச் சொன்னார்: 'மருதி என்னும் இவள், மணலைக் குறைகூறாமல், மணல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். எம் கல்விச்சாலையில் அதற்கு விடை இல்லை. உம்மிடம் இருக்கிறது. தருக.' அவ்வளவுதான் வாசகம். அத்தனை நாள் அடைத்துவைத்த வாய், அதற்குமேல் ஒரு சொல் சேர்க்காமல் மூடிக்கொண்டது.

தலைவி தரையரைப் பார்க்கவில்லை. காவலாக வந்த அரங்கனாரைப் பார்த்து, வழியில் இவ்வோலை பிரிக்கப்பட்டதா என்று கேட்டாள். அவர் ஒருவர் சொல்லில்தான் மருதியின் மேற்படிப்பும் நம் துறையின் ஆழமும் தொங்கின. அதற்கு அரங்கனார் சொன்னதைத் தரையர் எழுதினால் கூட்டி எழுதுவார் என்பதால், கீழே அரங்கனாரே எழுதட்டும் என்பது தேவியார் கட்டளை.

ஆகவே ஆணை இது. கல்விக்கொடை நாடி வெளிநாடு செல்லும் பரிந்துரை ஓலைகளை இனிச் சுங்கத்தார் இலச்சினைக்கு முன்பே படித்துப் பார்க்க. அவர்கள் கண்ணெதிரிலேயே இலச்சினை இடப்படுக. இட்டபின் உடைப்பவர் பதவி இழப்பாராக. இவ்வழியைத் திரும்பும் கப்பலில் கண்டுபிடித்தவர் அரங்கனார். இவ்வளவு எளிய வழி மூன்றாண்டுக்கு முன் ஏன் ஒருவர்க்கும் தோன்றவில்லை என்று தேவியார் கேட்டபோது அவையில் யாரும் வாய் திறக்கவில்லை. அன்று தரையரும்கூடத் திறக்கவில்லை. அது கணக்கில் சேராது.

இளம்பிறை நாச்சியார் திருவிலச்சினை பொறிக்கப்பட்டது. நீரும் நிலவும் உள்ளவரை இவ்வாணை நிற்பதாக. வாசகம் முனையதரையர்.

சுங்கநாயகம் அரங்கன் எழுத்து: முழுதும் கேட்டேன். ஆடு ஒன்றுதான். துண்டு முழுதாக இருக்கிறது, நானே துவைத்துக் காயப்போட்டேன். தூணில் விரிசல் ஏதும் இல்லை. மன்றத்தை விட்டு வெளியே வந்தவர் இன்றுவரை பேச்சை நிறுத்தவில்லை. மருதி இன்று காலை கொடைக்கப்பலில் ஏறினாள். தீவு அனுப்பிய சேர்க்கை ஓலை அவள் கையில் இருந்தது, இலச்சினையை நான் தொடவில்லை. மன்றத்தில் கேட்டதற்கு நான் சொன்னது: குறடு எறிந்தார். கப்பலில் இருந்த எல்லோரும் பிழைத்தோம். என்னென்ன செய்தும் பார்த்தேன். அவர் பேசவில்லை. இது மட்டும் அப்படியே நடந்தது.