காற்றைப் பிடிக்கும் கூரை

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ வரைந்து அனுப்பிய சாய்வு சோபாக்களைச் செய்து முடித்து, ஹோட்டல் மொட்டைமாடியில் போட்டாகிவிட்டது. அலுமினியச் சட்டம், கயிற்றுப் பின்னல், தலைக்கு மேல் வளைந்து வரும் துணிக்கூரை எல்லாம் நீ போட்ட படம் மாதிரியே வந்திருக்கின்றன. உட்கார்ந்து பார்த்த மேனேஜர் எழுந்திருக்க மனமில்லாமல் காபியை அங்கேயே வரவழைத்துக் குடித்தார். ஒரே ஒரு மாற்றம். அடியில் மாட்டிய இரும்புத் தகடுகள் கண்ணை உறுத்துகின்றன என்றார்; கழற்றிவிட்டேன். மாதக் கடைசியில் மாடியைத் திறக்கிறார்கள். நீ பக்கத்தில் இல்லாததுதான் குறை.

உன் தம்பி


ஜூன் 7

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் கிடக்கட்டும். அந்தத் தகடுகளை நான் அழகுக்கா வைத்தேன்? அத்தனை உயரத்தில் துணிக்கூரை பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். அடியில் கனம் இல்லையென்றால் சோபா கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போய்விடும். கீழே தெரு. இது உனக்கும் தெரியும். தெரிந்தும் எப்படிக் கழற்றினாய்? உடனே மாட்டிவிட்டு எனக்கு ஒரு வரி எழுது. குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

அக்கா


ஜூன் 10

அக்காவுக்கு,

மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தேன். "மறுபடி தகடுன்னு வந்தீங்கன்னா சோபாவையும் சேத்து எடுத்துட்டுப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டார். இவர்களுடைய மற்ற ஹோட்டல்களின் வேலையும் வரும் என்று நம்பித்தான் பட்டறைக்குப் புதிதாக ஒரு வெல்டரைச் சேர்த்திருக்கிறேன். நீ அங்கிருந்து வரைந்து அனுப்பிவிடுகிறாய். முகம் பார்த்துப் பேச வேண்டியவன் நான். காற்றடித்தால் கூரையை மடக்கிவிடச் சொல்லியிருக்கிறேன். இதை இத்தோடு விடு. தயவுசெய்து அவருக்கு நீ எதுவும் எழுதாதே.

தம்பி


ஜூன் 14

தம்பி,

எழுதிவிட்டேன். தகடு மாட்டாமல் அந்தச் சோபாக்களில் யாரையும் உட்காரவிடக் கூடாது, வரைந்தவள் சொல்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். காற்று எப்போது வரும் என்று யார் காத்துக்கொண்டு நிற்பார்கள்? நீ வேண்டாம் என்று சொல்லியும் எழுதினேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா


ஜூன் 18

உன் கடிதத்தை மேனேஜர் என் ஆட்களை வைத்துக்கொண்டே படித்தார். "உங்க வீட்டுலயே உங்கள நம்பலையே" என்றார். எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். வெல்டரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இனி எனக்கு எழுதாதே.


ஜூன் 27

அக்கா,

நேற்று சோபாக்களை இறக்கப் போனோம். கடைசி சோபாவின் கூரையை மடக்கக் கை வைத்தேன், காற்று திரும்பி அடித்தது. சோபா அப்படியே கிளம்பிச் சுவர்மேல் ஏறிவிட்டது. கீழே பஸ்ஸுக்கு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். விட்டால் அவர்கள் தலையில்தான். நான் விடவில்லை, என் காலும் தரையில் இல்லை. வெல்டர் ஓடி வந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். என்னோடு சோபாவும் உள்ளே விழுந்தது. கீழே இருந்தவர்கள் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வீட்டில் சொல்லவில்லை.

நீ சொன்னதுதான் சரி. ஆனால் அந்த ஆள் முன்னால் நான் நின்ற நிலையை நினைத்தால் உன்மேல் கோபம் வரத்தான் செய்கிறது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு தரம் நேரில் வந்துவிட்டுப் போ. வரட்டுமா என்று எழுதிக் கேட்காதே. கேட்டால் வேண்டாம் என்று எழுதிவிடுவேன்.

உன் தம்பி